ஐசியை மாற்றாதே, வோல்ட்டை அள

பழுது பார்க்க வரும் ஆடியோ சாமான்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவை சுத்தமாகச் சத்தமே வராதவைதான். இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். பாதி நேரம் பாடிவிட்டுப் பாதி நேரம் ஊமையாகும் பெட்டிதான் ஆளைப் படுத்தி எடுக்கும். தட்டினால் வரும், மூடியை மாட்டினால் போகும், மீட்டரை வைக்கும்போது மட்டும் ஒழுங்காகப் பாடும். அடியோடு மௌனமாக இருக்கும் சர்க்யூட் அப்படி அலைக்கழிக்காது. நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கும். ஒரே இடத்தில் பத்து தடவை அளந்தாலும் அதே எண்ணைத்தான் காட்டும். வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஆனால் வீட்டில் சொந்தமாக ப்ரீஆம்ப் கட்டும் பிள்ளைகள் பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை. சத்தம் வரவில்லையா, உடனே ஐசியைப் பிடுங்கி இன்னொன்றைப் போடுகிறார்கள். அதுவும் பாடவில்லையா, கெப்பாசிட்டரைக் கழற்றுகிறார்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை.

மாசாயில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் ஒரு போனோ ப்ரீஆம்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூடாய்க்கு வந்தான். அவனே கட்டியது. ஜோகூர் பாரு டவுனில் பசார் காராட்டில் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று கிடைத்திருக்கிறது. வீட்டில் அவன் தாத்தா விட்டுப்போன எல்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. கொலம்பியாவும் எச்எம்வியும் பிறகு வந்த இன்ரெகோ, எக்கோவும் கலந்து கிடக்கும். தீபாவளிக்குள் அதைப் பாட்டிக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவன் எண்ணம். பிளேயரும் சுற்றுகிறது, ஊசியும் நல்ல ஊசிதான். அதை நேராக ஆம்பின் ஆக்ஸில் செருகினால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது வெறும் 5 மில்லிவோல்ட் சொச்சம். ஆம்பின் ஆக்ஸ் எதிர்பார்ப்பதோ அதைப்போல நூறு மடங்கு. அது மட்டும் இல்லை. ரெக்கார்டில் பள்ளம் வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உச்ச சுரங்களைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். அப்படி வெட்டாவிட்டால் பேஸ் வரும் இடத்தில் ஊசி பள்ளத்தை விட்டுக் குதித்துவிடும். 1954-லிருந்து ஆர்ஐஏஏ என்ற பொது அளவு ஒன்று இதற்கு இருக்கிறது. ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் நூறு மடங்கு பெருக்கினால், 20 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டியிருக்கும். இவ்வளவு பெருக்கும் ஒரு சாமான் கொஞ்சம் இரைச்சல்கூட இல்லாமல் கிடக்கிறது என்றால், அதுவே முதல் தடயம். உயிரோடு இருக்கும் போனோ ப்ரீஆம்ப் வால்யூமைக் கூட்டினால் 'உஸ்' என்றாவது சொல்லும்.

பெட்டியை மேஜையில் வைத்தான். மூடியில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது.

"மாமா, லைட் எரியுது. சத்தம்தான் ஒன்னுமே வரல."

"என்னென்ன மாத்துன?"

"ஐசி மாத்திப் பாத்துட்டேன் மாமா. முதல்ல போட்டது டூப்ளிகேட்டுன்னு நெனச்சேன். அப்புறம் விலை கூடுனது ஒன்னு ஆர்டர் பண்ணிப் போட்டேன். அதுலயும் வரல. கெப்பாசிட்டர்கூட மாத்திட்டேன்."

"வோல்ட் பாத்தியா?"

"அதான் லைட் எரியுதே மாமா."

நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எந்தப் பெட்டி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அந்த விளக்கு எங்கிருந்து எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். ஆப்-ஆம்ப் ப்ரீஆம்பில் பெரும்பாலும் இரண்டு சப்ளை உண்டு, ஒன்று பிளஸ் 15, இன்னொன்று மைனஸ் 15. இவனுடைய விளக்கு பிளஸ் 15-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருந்தது. அப்படியானால் அது சொல்வது பாதிச் செய்திதான். மைனஸ் பக்கம் செத்துப்போனாலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும்.

பெட்டிக்குள் கை வைப்பதற்கு முன் வெளியே உள்ளவை சரிதானா என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம். ஒரு சின்ன ரேடியோவை என் ஆம்பின் ஆக்ஸில் செருகி ஒலி 96.8 வைத்தேன். சிங்கப்பூர் ஸ்டேஷன் எங்கள் பக்கம் தெளிவாகவே எடுக்கும். ஸ்பீக்கர் இரண்டிலும் பாட்டு வந்தது. ஆம்பும் சரி, ஸ்பீக்கரும் சரி, கேபிளும் சரி. அற்பமாகத் தெரிந்தாலும் இதைத் தாண்டிப் போகக்கூடாது. ஆம்பில் செலக்டர் வேறு இடத்தில் இருப்பதும், கைப்பேசி ஓசையை ப்ளூடூத் வழியாகக் காருக்கு அனுப்பிக்கொண்டிருப்பதும் நான் பலர் வீட்டில் பார்த்த காரணங்கள்.

பிறகு பெட்டியைத் திறந்தோம். உள்ளே வேலை சுத்தமாகத்தான் இருந்தது. 15-0-15 டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், இரண்டு பெரிய கெப்பாசிட்டர், பிளஸுக்கு 7815 ரெகுலேட்டர், மைனஸுக்கு 7915 ரெகுலேட்டர், நடுவில் சாக்கெட்டில் ஒரே ஒரு என்இ5532 ஆப்-ஆம்ப் ஐசி. அதில் ஒரு பாதி இடது பக்கத்துக்கு, மறுபாதி வலது பக்கத்துக்கு. அந்த 5532 சாதாரணப் பொருள் இல்லை. 1970-களின் கடைசியில் சிக்னெடிக்ஸ் கொண்டுவந்தது. ஸ்டூடியோ மிக்ஸர்களில் பல்லாண்டுகள் அதுதான் உழைத்தது, இன்றைக்கும் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

சுவரிலிருந்து வரும் 240 வோல்ட் பகுதியை முதலில் பிளாஸ்டிக் தகட்டால் மூடினேன். இதைச் செய்யாமல் யாரும் உயிரோடு இருக்கும் பெட்டிக்குள் மீட்டர் முனையை விடாதீர்கள். கறுப்பு முனையை ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்தில் கிளிப் போட்டுவிட்டால் ஒரு கை சும்மா இருக்கலாம். அந்தக் கையை மேஜைக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐசியோட 8-ஆம் கால்ல வை, பிளஸ் வர்ற இடம்," என்றேன். வைத்தான்.

"பதினஞ்சு மாமா."

"மைனஸ் வர்ற 4-ஆம் கால்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. முனையை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தான். "பூஜ்யம் பக்கத்துலயே நிக்குது."

"1-ம் 7-ம்?"

இரண்டும் பிளஸ் பக்கம் பல வோல்ட் ஏறி நின்றன. சிக்னல் இல்லாதபோது அந்த இரண்டு கால்களும் பூஜ்யத்தில், மிஞ்சினால் சில மில்லிவோல்ட்டில் இருக்க வேண்டியவை. ஒருபக்கச் சப்ளை இல்லாமல் ஐசி நடுவில் நிற்க வழியில்லாமல் போய்விட்டது. இந்த நிலைமையில் உலகத்திலேயே விலை கூடிய ஆப்-ஆம்பைச் செருகினாலும் இதே கதைதான். அவன் கழற்றிப்போட்ட பழைய ஐசி, டூப்ளிகேட் என்று அவன் பழி போட்டது, பிறகு அதே பெட்டியில் நன்றாகவே பாடியது.

மைனஸ் 15 எங்கே போனது? 7915-க்குள் நுழையும் காலில் அளந்தால் அங்கேயும் ஒன்றுமில்லை. பின்னோக்கிப் போனோம். பெரிய கெப்பாசிட்டரில் இல்லை. அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி ப்யூஸ். அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே கம்பி இல்லை. கண்ணாடியின் உள்சுவரில் வெள்ளிப்புகை பிடித்த மாதிரி ஒரு கறை மட்டும் இருந்தது. முதல் தடவை சுவிட்ச் போட்டபோதே ஓசைப்படாமல் போயிருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் இன்னொரு அவசரம் வரும். புது ப்யூஸ் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டால் அதுவும் போகும். ப்யூஸ் தானாகச் சாவதில்லை, அதைச் சாகடித்த ஒன்று இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் வடிவதற்குக் கொஞ்சம் விட்டு, மீட்டரைப் பீப் அடிக்கும் இடத்துக்குத் திருப்பினோம். கெப்பாசிட்டரின் மைனஸ் ரெயிலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்ததும் பீப் என்று அலறியது. முழு ஷார்ட்.

கண் முன்னாலேயே இருந்தது காரணம். இரண்டு ரெகுலேட்டரையும் பெட்டியின் அலுமினியப் பின்தகட்டில் திருகு போட்டு முறுக்கியிருந்தான், அடியில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்காத் தகடு எதுவும் இல்லாமல். 7815-ஐ அப்படி முறுக்கினால் தொல்லை இல்லை, ஏனென்றால் அதன் உலோக முதுகு கிரவுண்டோடு சேர்ந்தது. 7915-இன் முதுகு அப்படி இல்லை. அது உள்ளே நுழையும் மைனஸ் வோல்ட்டோடு சேர்ந்தது. பெட்டி கிரவுண்டில் இருந்தது. ஆக, அந்த ஒரு திருகு மைனஸ் சப்ளை முழுவதையும் நேராகக் கிரவுண்டில் கட்டிப்போட்டுவிட்டது.

இந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உருவம். எழுத்து இருக்கும் முகத்தை நம் பக்கம் வைத்து, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் 7815-இன் கால்கள் இடமிருந்து வலமாக உள்ளே, கிரவுண்ட், வெளியே. 7915-இல் அது கிரவுண்ட், உள்ளே, வெளியே. கால்களை இவன் சரியாகத்தான் போட்டிருந்தான், படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறான். முதுகைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லவில்லை.

"ஏன்டா இத தகட்டுல முறுக்குன?"

"சூடாகும்னு நெனச்சேன் மாமா. பவர் ஆம்ப்ல எல்லாம் அப்படித்தானே போடுறாங்க."

அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஒரு 5532 சும்மா இருக்கும்போது இழுப்பது 8 மில்லிஆம்ப் அளவு. ரெகுலேட்டரில் விழுவது ஏழெட்டு வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 0.06 வாட்தான். விளக்கையும் சேர்த்தாலும் விரல் வைத்தால் இளஞ்சூடுகூடத் தெரியாது. அந்தத் திருகுக்கு வேலையே இல்லை. கழற்றி, 7915-ஐத் தகட்டிலிருந்து விலக்கி, காற்றில் நிற்க விட்டோம். பீப் நின்றது. புது ப்யூஸ் போட்டுச் சுவிட்சைத் தட்டினோம். 8-இல் பிளஸ் 15, 4-இல் மைனஸ் 15, 1-இலும் 7-இலும் பூஜ்யத்தை ஒட்டிய எண்கள். இடது ஸ்பீக்கரில் மெல்லிய 'உஸ்'. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

செனாய் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் நான். அளவு எழுதாத போர்டின் மேல் சால்டரிங் இரும்பு படக்கூடாது என்பது எங்கள் லைனில் சட்டம். முதலில் அது எனக்குச் சும்மா பேப்பர் வேலையாகத்தான் பட்டது. வருஷம் போகப்போகத்தான் அதன் அருமை தெரிந்தது. அளக்காமல் ஒரு பாகத்தைக் கழற்றும்போது புதுப் பழுது ஒன்றை உள்ளே வைக்கிறோம். காப்பர் தடம் பெயர்ந்து வரும், பக்கத்து இரண்டு புள்ளிகளை ஈயம் சேர்த்துவிடும், கெப்பாசிட்டரின் பிளஸ் மைனஸ் மாறும். ஒரு பழுது இருந்த இடத்தில் மூன்று இருந்தால், எது முதலில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜோகூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ரெசிஸ்டர் வேண்டுமென்றால் தெருக்கோடியில் கடை இல்லை. ஒரு காலத்தில் பாலம் தாண்டி சிங்கப்பூர் சிம் லிம் டவருக்குப் போவோம், இல்லாவிட்டால் கோலாலம்பூரில் ஜாலான் பசார். இப்போது பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே ஆர்டர் போடுகிறார்கள், பார்சல் வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பே எதையோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பைக் கொடுத்துவிடுகிறது. பார்சலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு வாரத்தில், வீட்டிலிருக்கும் மலிவு மீட்டரால் பத்து நிமிடம் அளந்திருந்தால் பார்சலே தேவைப்பட்டிருக்காது. போலி ஐசி சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் முதல் சந்தேகம் அதன் மேல் விழக்கூடாது. வீட்டுக் கட்டுமானத்தில் நான் பார்த்த மௌனங்களில் பெரும்பாலானவை சப்ளையிலோ, வயரிங்கிலோ, சாக்கெட்டில் சேராமல் ஐசியின் அடியில் மடிந்துபோன ஒரு காலிலோதான் இருந்திருக்கின்றன.

சரி, பெட்டிக்கு வருவோம். இடது பக்கம் உயிர் வந்தது, வலது பக்கம் இன்னும் ஊமை. ஆனால் இது வேறு வகை மௌனம். 7-ஆம் காலில் வோல்ட் சரியாக இருக்கிறது, 5-ம் 6-ம் சரியாக இருக்கின்றன. சிக்னல் இல்லாத நிலையில் ஐசி ஆரோக்கியமாக இருக்கிறது. அப்படியென்றால் ஓசை உள்ளே வரவில்லை, அல்லது உள்ளே வந்தது வெளியே போகவில்லை. இங்கே வோல்ட்மீட்டரின் வேலை முடிந்தது, காதின் வேலை ஆரம்பிக்கிறது.

அதற்கு என்னிடம் ஒரு சாதனம் இருக்கிறது. செலவே இல்லாதது. பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒன்றின் உள்ளீட்டு வயரை வெட்டி, கிரவுண்டில் ஒரு முதலைக் கிளிப், நடுக்கம்பியில் 0.1 மைக்ரோபாரட் பிலிம் கெப்பாசிட்டர், அதன் மறுமுனையில் ஒரு ஊசி. கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தைத் தடுத்து ஓசையை மட்டும் விடும். இந்த ஊசியால் சர்க்யூட்டில் தொட்ட இடத்தில் எல்லாம் அங்கே என்ன ஓடுகிறது என்று கேட்கலாம். வால்யூமைக் குறைத்து வைத்து ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் முதல் 'டப்' காதைப் பதம் பார்த்துவிடும். 9 வோல்ட், 15 வோல்ட் சர்க்யூட்டுக்குத்தான் இது. பழைய வால்வு ப்ரீஆம்பில் 250 வோல்ட் ஓடும், அதில் இந்த ஊசியையும் விரலையும் கொண்டுபோகாதீர்கள்.

ஓசை கொடுக்கக் கைப்பேசியில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டேன். ஆனால் கைப்பேசியை நேராகப் போனோ ப்ரீஆம்பில் செருகக்கூடாது, அது தரும் அளவு இந்தப் பெட்டிக்கு மிக அதிகம், எல்லாம் கிழிந்துதான் கேட்கும். 47 கிலோஓம் ஒன்றும் 220 ஓம் ஒன்றும் வைத்துப் பிரித்தால் 1 வோல்ட் சுமார் 5 மில்லிவோல்ட்டாக இறங்கிவிடும், அசல் கார்ட்ரிட்ஜ் கொடுக்கும் அளவு.

இடது பக்கம் 3-ஆம் காலில் ஊசியை வைத்தால் தூரத்தில் விசில் அடிப்பது போல மெலிதாகக் கேட்டது. 1-ஆம் காலில் வைத்தால் அறை முழுக்க. வலது பக்கம் 7-இல் ஒன்றுமில்லை, 5-இல் ஒன்றுமில்லை. பின்னால் இருக்கும் ஆர்சிஏ சாக்கெட்டின் நடுமுனையிலேயே, டோன் செருகியிருக்கும்போதே, ஒன்றுமில்லை. ஓசை வாசலைத் தாண்டும் முன்பே எங்கோ முழுகிப்போகிறது.

கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு, பவரையும் அணைத்து, ஓம் அளவுக்கு மாற்றினோம். ரெக்கார்டு பிளேயரும் செருகியிருக்கக்கூடாது, மீட்டரின் கரண்ட் கார்ட்ரிட்ஜின் மெல்லிய சுருளுக்குள் போவது அதற்கு நல்லதில்லை. இடது சாக்கெட்டில் நடுமுனைக்கும் வளையத்துக்கும் நடுவில் 47 கிலோஓம். அது கார்ட்ரிட்ஜுக்கான சுமை ரெசிஸ்டர், இருக்க வேண்டிய எண். வலது சாக்கெட்டில் மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு விழுந்தது.

பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். சாக்கெட்டிலிருந்து போர்டுக்குப் போகும் ஷீல்டட் வயரைப் பார்க்கச் சொன்னேன். வெளிப்பின்னலை உரித்து, முறுக்கி, ஈயம் பூசிக் கிரவுண்டில் வைத்திருந்தான். நல்ல வேலைதான். ஆனால் முறுக்கும்போது அதிலிருந்து ஒரே ஒரு இழை தப்பி, நடுக்கம்பியின் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு போய், அந்த உறை சூட்டில் கொஞ்சம் சுருங்கியிருந்த இடத்தில் செம்பைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தலைமுடியைவிட மெல்லிசு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஒரு பொட்டு மின்னியது. கூர்மையான இடுக்கியால் அதை வெட்டி எடுத்ததும் மீட்டர் 47 கிலோஓமுக்குத் தாவியது. இப்போதெல்லாம் அவனுக்கு நான் சொல்வது, பின்னலை உரித்ததும் அந்த இடத்தில் ஹீட்ஷ்ரிங்க் குழாய் ஒரு துண்டு போட்டுவிடு என்பதுதான். அரை சென் செலவில்லை.

டிரான்சிஸ்டரில் கட்டுபவர்களுக்காக இன்னொரு கதை. குளுவாங்கில் ஒரு பஜனைக் குழுவில் ஆர்மோனியத்துக்கு முன்னால் வைக்கும் மைக்குக்கு நண்பர் ஒருவர் சின்ன ப்ரீஆம்ப் கட்டியிருந்தார். 9 வோல்ட் பேட்டரி, ஒரே டிரான்சிஸ்டர், சுத்தமாகச் சத்தம் இல்லை. சர்க்யூட் படம் ஐரோப்பிய வழக்கத்தில் பிசி547 என்று போட்டிருக்கிறது. அவர் கையில் இருந்ததோ நம் பக்கத்துப் பழைய ரேடியோக்களில் எல்லாம் இருக்கும் ஜப்பான்காரன் சி1815. இரண்டும் என்பிஎன், இரண்டும் சின்ன சிக்னலுக்கு உகந்தவை, மாற்றிப் போடுவதில் தவறே இல்லை. கால் வரிசைதான் வேறு. தட்டை முகம் நம்மைப் பார்த்திருந்தால் பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். சி1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். அமெரிக்கக்காரன் 2என்3904-ஐ எடுத்தால் எமிட்டர், பேஸ், கலெக்டர். மூன்று நாடும் மூன்று வரிசை.

அதை நான் கண்டுபிடித்தது டிரான்சிஸ்டரின் பெயரைப் படித்து அல்ல, எழுத்து அழிந்துபோயிருந்தது. பேஸுக்கு 47 கிலோஓமும் 10 கிலோஓமும் பிரித்துக் கொடுக்கின்றன. 9 வோல்ட்டில் அது ஒன்றரை வோல்ட் சொச்சம். எமிட்டர் அதைவிட 0.6 அல்லது 0.7 குறைவாக, அதாவது 0.9 பக்கம் இருக்க வேண்டும். கலெக்டர் பாதி சப்ளையை ஒட்டி, நான்கரை ஐந்துக்குள் நிற்க வேண்டும். அளந்தால் பேஸ் இருக்க வேண்டிய புள்ளியில் ஒன்றரை இருக்கிறது, எமிட்டர் புள்ளியில் பூஜ்யத்தை ஒட்டி, கலெக்டர் புள்ளியில் ஏறக்குறைய முழு பேட்டரி. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் ஒன்றரை வோல்ட் வித்தியாசம் உயிருள்ள சிலிக்கான் டிரான்சிஸ்டரில் நிற்கவே நிற்காது. அந்த 0.65 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதி டிரான்சிஸ்டர் சர்க்யூட்டுகளை வைத்தியம் பார்த்துவிடலாம். அது குறைந்தால் டிரான்சிஸ்டருக்கு உயிர் வரவில்லை. மிஞ்சினால் டிரான்சிஸ்டர் உள்ளே அறுந்திருக்கிறது அல்லது கால் இடம் மாறியிருக்கிறது. கால்களை வளைத்து இடம் மாற்றிப் போட்டோம், கலெக்டர் நான்கே முக்காலுக்கு இறங்கியது. ஆர்மோனியம் பேசியது.

மைக் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. எலக்ட்ரெட் மைக்குக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சப்ளை கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ப்ரீஆம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மௌனம்தான். மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம்.

அளக்கும் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தலைமுறையில் கடைக்குக் கடை இருந்த சான்வா முள் மீட்டரை இன்னும் சிலர் ஆசையாக வைத்திருக்கிறார்கள், நானும்தான். அது வோல்ட்டுக்கு 20 கிலோஓம். 10 வோல்ட் அளவில் வைத்தால் மீட்டரே 200 கிலோஓம் ரெசிஸ்டராகச் சர்க்யூட்டில் உட்காரும். 1 மெகாஓம் பயாஸ் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் வோல்ட்டை அதுவே இழுத்துக் கீழே போட்டுவிடும், நல்ல சர்க்யூட்டைக் கெட்டது என்று சொல்லும். இன்றைய டிஜிட்டல் மீட்டர் பெரும்பாலும் 10 மெகாஓம், அதனால் இந்த வேலைக்கு அதையே எடுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றும் தன் பங்குக்குச் சத்தத்தை விழுங்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டியில் செலக்டர் சுவிட்சின் வெள்ளி முனைகள் கறுத்துப்போகும், வால்யூம் கன்ட்ரோலில் தொடர்பு அறும். திருப்பித் திருப்பி ஆட்டினால் வருகிறது என்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கட்டிய பெட்டியில் முதல் நாளே இது இருக்காது.

மாசாய்ப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உயிர் வந்த பிறகு ரெக்கார்டு பிளேயரைச் செருகினோம். பாட்டோடு சேர்ந்து 'ஊம்' என்று ஒரு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். பையனுக்கு முகம் வாடிவிட்டது. நான் பிளேயரின் பின்னால் தொங்கிய தனி கிரவுண்ட் வயரைக் காட்டினேன். பச்சை நிறம், நுனியில் முட்கரண்டி மாதிரி ஒரு தகடு. அதைக் கட்ட அவன் பெட்டியில் இடமே இல்லை. பின்தகட்டில் ஓட்டை போட்டு ஒரு திருகுமுனை வைத்து, அதைச் சர்க்யூட் கிரவுண்டோடு சேர்த்தோம். வயரைக் கட்டியதும் இரைச்சல் அடங்கியது. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் மட்டும் ஏதோ மிச்சம் இருக்கிறது, டிரான்ஸ்பார்மர் உள்ளீட்டு சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வருவது. அடுத்த பெட்டியில் அதைத் தள்ளி வைக்கிறேன் என்று அவனே சொன்னான்.

போவதற்கு முன் ஒரு வேலை வைத்தேன். பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு காலிலும் மறுபடி அளந்து, எண்களைத் தாளில் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். 8-இல் 15, 4-இல் மைனஸ் 15, 1-இலும் 7-இலும் பூஜ்யம், இரண்டு சாக்கெட்டிலும் 47 கிலோஓம், 7915 தகட்டைத் தொடக்கூடாது. தேதியும் போட்டான். கூடவே மைனஸ் 15-க்கும் ஒரு விளக்கு வைக்கப்போகிறானாம், சிவப்பில்.